இரண்டாம் அழைப்பு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாயில் எது வேண்டுமானாலும் வரும், 'வராதே' என்ற ஒரு சொல் மட்டும் வராது. அடுப்பில் பூனை படுத்திருந்தாலும் வாசலில் நிற்கிறவரைப் பார்த்து "வாங்க, சாப்பிட்டுத்தான் போகணும்" என்போம். அவரும் லேசில் உட்கார்ந்துவிட மாட்டார். "இருக்கட்டும், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பார். மறுபடியும் கூப்பிட வேண்டும். அப்படிக் கூப்பிட்டால்தான் அது அழைப்பு. முதலில் கூப்பிட்டது சும்மா மரியாதைக்கு. இதைப் பெரிய பண்பாடு என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கேட்டாலே உடம்பு கூசுகிறது. ஏன் கூசுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணம், ஞானஸ்நானம், புதுமனை, எதுவானாலும் எங்களிடம் இரண்டு அழைப்பு உண்டு. முதலில் கடுதாசி போகும். நாள் நெருங்கும்போது வீட்டிலிருந்து யாராவது நேரில் போய், "எல்லாரும் வந்துரணும்" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். வெளியூர் என்றால் இன்னொரு கடுதாசி, பெரியவர்கள் கைப்பட. அந்த இரண்டாம் அழைப்பு வராவிட்டால் கூடப்பிறந்த அண்ணன்கூடப் படியேற மாட்டான். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். கூப்பிடாதவர்களுக்கும் தெரியும், வராதவர்களுக்கும் தெரியும். வாயைத் திறக்காமலே காரியம் முடிந்துவிடும்.

நான் சொல்லப்போவது பெரிய யுத்தத்துக்கு முந்தைய காலம். பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராக இருந்தேன். அப்பா குருவானவராக இருந்து காலமானவர். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் குருவானவரை 'ஐயர்' என்பார்கள், அவர் மனைவி 'ஐயரம்மா'. அப்பா போய் எத்தனையோ வருஷமாகியும் என் அம்மா ஊருக்கெல்லாம் ஐயரம்மாதான். மாதர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. எழுதுவதும் மொழிபெயர்ப்பதும் என் தலையில் விழுந்தது.

நான் சொல்லவரும் காரியத்துக்கு முந்தைய வருஷம் கொழும்பில் ஒரு கூட்டம் நடந்தது. இலங்கை, ரங்கூன், பினாங்கு என்று கடல் தாண்டிய இடங்களிலிருந்தெல்லாம் கிறிஸ்தவ மாதர் சங்கங்கள் முதல் முறையாக ஒன்றாகக் கூடியிருந்தன. தூத்துக்குடியில் கப்பலேறி அம்மாவும் நானும் போனோம். அங்கே எங்களுக்கு இடம் கொடுத்தவர்கள் இங்கேயிருந்து ஒரு தலைமுறைக்கு முன் போய்க் குடியேறிய நெல்லைக் குடும்பங்கள். பஞ்சு மெத்தை போட்டுக் கொடுத்தார்கள். அம்மா அதில் படுக்கத் தெரியாமல் கீழே பாயை விரித்துக்கொண்டாள். கடைசி நாள் சாப்பாட்டில் எழுந்து நின்று, அடுத்த வருஷம் எல்லாரும் எங்கள் ஊருக்கு வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அதோடு விட்டாளா! "எங்க ஆத்துத் தண்ணிய ஒரு வாய் குடிச்சிட்டீகன்னா அப்புறம் ஒங்க ஊர்த் தண்ணி தொண்டையில எறங்காது" என்றாள். சபையே சிரித்தது. நான் இங்கிலீஷில் சொன்ன பிறகு, தமிழ் தெரியாதவர்கள் இன்னொரு தடவை சிரித்தார்கள்.

அப்படிச் சிரித்தவர்களில் ஒருத்தி கண்டியிலிருந்து வந்த சிங்கள டீச்சர். என்னைவிடச் சில வயது மூத்தவள். கூட்டம் நடந்த நாளெல்லாம் அம்மா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்வாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் கையைக் காட்டியும் கண்ணைக் காட்டியும் என்னத்தையோ பேசிச் சிரிப்பார்கள். எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. புறப்படும்போது அம்மா அவள் மோவாயைப் பிடித்து, "நீ கட்டாயம் வரணும்" என்றாள். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவளுக்கே புரிந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவுக்கு இதே நினைப்பு. அவர்கள் வீட்டில் கை நனைத்தாயிற்று, நாமும் செய்துகாட்ட வேண்டும். கூட்டத்தைத் தை மாதம் வைத்துக்கொள்வது என்று முடிவாகி, முதல் அழைப்பை நான்தான் எழுதினேன். தமிழர்களுக்குத் தமிழில், மற்றவர்களுக்கு இங்கிலீஷில். வருகிறோம் என்று எல்லா இடத்திலிருந்தும் பதில் வந்தது; தமிழ் தெரியாதவர்களில் வருவதாக எழுதியவள் கண்டி டீச்சர் ஒருத்திதான். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். வாழைத்தாருக்குச் சொல்லி வைத்தார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, எங்கள் ஆற்றில் மேலே இருக்கும் சேர்மாதேவியில் வாந்திபேதி என்று பேச்சு வந்தது. முதலில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேலே ஆற்றில் இருப்பது கீழே வர எவ்வளவு நேரமாகும்? கொஞ்ச நாளில் எங்கள் ஆற்றங்கரை வண்ணார்பேட்டையில் ஆள் விழ ஆரம்பித்தது. பிறகு கால்வாய்க் கரை வீடுகளில். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று முனிசிபாலிட்டியில் தமுக்கடித்தார்கள். பிரேதம் எடுத்துப் போகும்போது ஜனங்கள் பயப்படக் கூடாது என்று கொட்டு அடிக்காமல், அழாமல் கொண்டுபோனார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்தோம்.

கூட்டத்தை நடத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவள் பள்ளிக்கூடத்து மிஸ்ஸியம்மா. அந்த வெள்ளைக்காரி கூடாரம் போட்டுக் கிராமங்களைச் சுற்றப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். வேதப்புத்தகத்துத் தமிழ்தான் பேசுவாள். "இது உங்கள் ஊர், அவர்கள் உங்கள் விருந்தாளிகள். ஆகையால் நீங்களே ஆலோசித்து அவர்களுக்கு அறிவியுங்கள்" என்றாள். "நாங்க பாத்துக்கிடுதோம்மா, நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க" என்று அம்மா அனுப்பிவைத்தாள். போகிறவளுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்!

பள்ளிக்கூடத்தில் கமிட்டி கூடியது. ஐந்தாறு பெண்கள். நான் ஒரு ஓரத்தில் பேனாவும் மைக்கூடுமாக உட்கார்ந்திருந்தேன். முதலில் ஜெபம். ஜெபம் முடிந்ததும் வக்கீல் வீட்டு அம்மா ஆரம்பித்தாள். கமிட்டியில் அவளுக்குத்தான் குரல் பெரிசு.

"நல்ல காரியம் நடக்கப்போவுதுன்னா சாத்தானுக்குப் பொறுக்காது. எதையாவது கொண்டாந்து குறுக்க போடத்தான் செய்வான். அதுக்காவ நாம நிறுத்தப்படாது" என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சாத்தான் கொண்டாந்தானோ ஆத்துத் தண்ணி கொண்டாந்ததோ, வண்ணார்பேட்டையில செத்தவங்க செத்ததுதான். வாறவங்களுக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்லுதது? கூட்டம் கெடையாதுன்னு இன்னைக்கே தந்தி அடிச்சிருவோம்" என்றேன்.

"தந்தியா!" என்று எல்லாரும் ஒரே சமயத்தில் வாயில் கை வைத்தார்கள். எங்கள் ஊரில் தந்தி வந்தால் பிரிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

"கடுதாசி போடுவோம். நேரமிருக்கு" என்றேன்.

"கடுதாசியில என்னன்னுட்டீ எழுதுவ?" என்று அம்மா கேட்டாள்.

"வாந்திபேதி வந்திருக்கு, வராதீங்கன்னு எழுதுவேன்."

அம்மா முகம் சிறுத்துவிட்டது. "எங்க ஆத்துத் தண்ணி அப்படியாக்கும் இப்படியாக்கும்னு அவுக மேசையில ஒக்காந்து பீத்திட்டு வந்திருக்கேன். இப்ப எங்க ஊர்ல பேதி போவுதுன்னு எழுதி, அதை அவுக சோறு திங்கும்போது படிக்கணுமா? போன வருசம் அவுக செஞ்ச சீருக்கு இந்த வருசம் வராதேன்னு சொல்லுதா பாருன்னு பேச மாட்டாகளா? கூப்பிட்ட வாயால வராதேன்னு எப்படிட்டீ சொல்ல?"

அந்தக் கேள்வி எல்லாருக்கும் நியாயமாகவே பட்டது. எனக்குள்ளும் அவர்கள் ரத்தம்தானே ஓடுகிறது? எழுதுவேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, 'வராதீர்கள்' என்று எழுதுவதை நினைத்தால் எனக்கும் ஒரு மாதிரி இருந்தது.

அப்போதுதான் உபதேசியார் மனைவி, அதுவரை வாயே திறக்காதவள், பைய ஒரு யோசனை சொன்னாள். "ஐயரம்மா, நாம வராதேன்னு சொல்லவும் வேண்டாம், வான்னு சொல்லவும் வேண்டாம். ரெண்டாம் அழைப்பு இன்னும் போகலல்லா? அதை அனுப்பாம விட்டுருவோம். தானே புரிஞ்சுக்கிடுவாக."

எல்லார் முகத்திலும் விளக்கேற்றினது மாதிரி வெளிச்சம் வந்தது. "அதான் சரி" என்றாள் அம்மா. சாத்தானைப் பற்றிப் பேசிய வக்கீல் வீட்டு அம்மாகூட, "அதுல யாருக்கும் மனத்தாங்கல் இல்ல பாத்தீகளா" என்றாள். மூன்று நாலு நாட்டுக்காரர்கள் கூட வேண்டிய கூட்டத்தை, ஒரு வார்த்தை எழுதாமல், ஒருவர் மனதையும் நோகடிக்காமல் நிறுத்திவிட்டோமாம். காப்பி வந்தது. எல்லாரும் குடித்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு எங்காவது போய் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"நம்ம ஆளுகளுக்குப் புரியும்மா. அந்தக் கண்டி டீச்சருக்கு எப்படிப் புரியும்? அவங்களுக்கு மட்டுமாவது இங்கிலீஷ்ல ஒரு வரி எழுதிருதேன்" என்றேன்.

"அவ தனியாவா வரப்போறா? கொழும்புக்காரிகளோட சேந்துதான் கப்பல் ஏறுவா. அவுக வரலன்னா அவளுக்குச் சொல்லிர மாட்டாகளா? நீ ஒருத்திக்கு மட்டும் எழுதினா அது அவுக காதுக்குப் போவும். நமக்குச் சொல்லல, சிங்களத்திக்குச் சொல்லிருக்காகன்னு வரும். பேசாம இரு" என்றாள் அம்மா. பெரியவர்கள் இத்தனை பேர் சொன்ன பிறகு பேனாவை மூடி வைத்தேன்.

அம்மா கணக்குப் போட்டபடியே நடந்தது, அதுதான் கொடுமை. இரண்டாம் கடுதாசி போகவில்லை. ரங்கூனிலிருந்து, பினாங்கிலிருந்து, கொழும்பிலிருந்து, தமிழ் தெரிந்த ஒருத்தியும் புறப்படவில்லை. கூட்டம் நடக்கவேண்டிய வாரத்தில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிப் போட்டிருந்தோம். வெள்ளையடித்த சுவர் மட்டும் பளிச்சென்று நின்றது. "பாத்தியாட்டீ, எவ்வளவு சுமுகமா முடிஞ்சுட்டு" என்று அம்மா என்னிடம் சொல்லிக் காட்டினாள்.

மறுநாள் மத்தியானம் வீட்டு வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. கண்டி டீச்சர் இறங்கினாள். தகரப் பெட்டி ஒன்று, ஓலையில் கட்டிய பொட்டலம் ஒன்று. அம்மாவைக் கண்டதும் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பொட்டலத்தில் இருந்தது அவர்கள் ஊர்க் கருப்பட்டி. அம்மாவுக்கென்று காய்ச்சி எடுத்து வந்தது. என் பக்கம் திரும்பி, "நான்தான் முதலில் வந்தேனா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? வாசலில் வந்து நின்ற விருந்தாளியிடம், நீ ஏன் வந்தாய் என்று எப்படிக் கேட்பது! "உள்ள வரச் சொல்லு, மொதல்ல காப்பி குடிக்கட்டும்" என்றாள் அம்மா. அதைத்தான் மொழிபெயர்த்தேன்.

காப்பி குடித்துக்கொண்டே அவள் கலகலவென்று பேசினாள். கொழும்பில் அந்தக் குடும்பங்களைத் தேடிப் போனாளாம். ஒருத்திக்குத் தலைவலியாம், ஒருத்தியின் மாமியாருக்கு உடம்பு முடியவில்லையாம், ஒருத்தி வீட்டில் விசேஷமாம். எல்லாருக்கும் ஒரே சமயத்தில் இப்படி ஆகிவிட்டதே, பாவம், என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் அழைப்பு வரவில்லை என்பதை ஒரு சிங்களத்தியிடம் சொல்ல அவர்களுக்கு அவமானம். நாங்கள் பேதியை மறைத்தோம், அவர்கள் நாங்கள் செய்த மரியாதைக் குறைவை மறைத்தார்கள். நடுவில் இவள் ஒருத்தி, கூப்பிட்டார்களே என்று கப்பலேறி வந்திருக்கிறாள்.

"உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்," என்று அவள் என் கையைத் தட்டினாள். "ரயிலை விட்டு வரும்போது பாலம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். ஆற்றில் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். அவர்கள் சொன்னது சரிதான், இனிப்பாக இருக்கிறது."

பாலம் தாண்டியதும் வண்ணார்பேட்டை. "என்ன சொல்லுதா?" என்று அம்மா சிரித்த முகத்தோடு கேட்டாள். சொன்னேன். அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. கையிலிருந்த கருப்பட்டிப் பொட்டலத்தைக் கீழே வைக்கவும் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

இனி மூடி மறைக்க முடியாது என்று நான் அவளிடம் நோய் இருப்பதைச் சொன்னேன். அப்போதும் முழுதாகச் சொல்லவில்லை. "இங்கே கொஞ்சம் வயிற்றுக் கோளாறு நடமாடுகிறது, இனிமேல் காய்ச்சிய தண்ணீரே குடியுங்கள்" என்றேன். கொஞ்சமாம், நடமாடுகிறதாம்! அவள் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மற்றவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டாள். வருவார்கள் என்றேன்.

மறுநாள் சாயந்திரம் அவளுக்கு வாந்திபேதி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து மருந்து கொடுத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டார். கமிட்டிப் பெண்களில் ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை. அம்மா ஒருத்திதான் எல்லாம் செய்தாள். அவள் கழித்ததை அள்ளினாள், துணி மாற்றினாள், காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். என்னைக் கிட்டேயே விடவில்லை. யாராவது பார்த்திருந்தால் பெற்ற மகளுக்குச் செய்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கோ அம்மாவைக் கண்டால் எரிச்சலாக வந்தது. இத்தனை பாடு படுகிறவள் அன்றைக்கு ஒரு வரி எழுத விட்டிருந்தால் என்ன? ஒரு காலணாக் கடுதாசி! கோபம் ஒரு பக்கம், அவள் குனிந்து குனிந்து துடைப்பதைப் பார்க்கிற வேதனை ஒரு பக்கம்.

அடுத்த நாள் காலையில் வாந்தி நின்றிருந்தது. கண் உள்ளே போய், கைவிரல் தோலெல்லாம் சுருங்கி, ஆளே பாதியாகிவிட்டாள். ஆனாலும் நினைவு தெளிவாக இருந்தது. பிழைத்துவிடுவாள் என்று நாங்கள் நம்பினோம். அம்மாதான் என்னைக் கூப்பிட்டாள். "இனியும் ஒளிக்கப்படாது. எல்லாத்தையும் சொல்லிரு" என்றாள்.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். கூட்டம் இல்லை. யாரும் வரப்போவதில்லை. நோய் வந்தது எங்களுக்கு முன்பே தெரியும். வரவேண்டாம் என்று எழுத எங்களுக்கு வாய் வரவில்லை, அதனால் இரண்டாம் அழைப்பை அனுப்பாமல் விட்டோம். எங்களிடம் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது, இரண்டாம் முறை கூப்பிடாவிட்டால் வரக்கூடாது என்று அர்த்தம். இதைத் தமிழில் சொல்லும்போதெல்லாம் ஏதோ ஒரு நாகரிகம் போலத்தான் இருந்தது. இங்கிலீஷில், செத்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லும்போதுதான் அது என்ன என்று எனக்கே உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் மெதுவாக, மூச்சு வாங்க வாங்கப் பேசினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என்ன சொல்லுதா?" என்று அம்மா கேட்டாள்.

"மன்னிச்சுக்கிடச் சொல்லுதாங்கம்மா. ஒங்க வழக்கம் தெரியாதாம். தெரிஞ்சிருந்தா கூப்பிடாம வந்து ஒங்களுக்கு இவ்வளவு சிரமம் கொடுத்திருக்க மாட்டாங்களாம்."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். என் அம்மா அழுது நான் பார்த்ததில்லை, அப்பா இறந்தபோதுகூட ஆள் இல்லாத இடத்தில் போய்த்தான் அழுதாள். அன்று முந்தானையைக்கூட எடுக்காமல், கண்ணீர் பாட்டுக்கு வழிய, கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு அந்தச் சுருங்கிய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, நான் சொல்லுதத அப்படியே சொல்லு," என்றாள். "மறுபடியும் கூப்பிடுதேன் தாயி. ரெண்டாவது தடவையா கூப்பிடுதேன். எங்க வீட்டுக்கு நீ கட்டாயம் வந்துரணும். ஒரு கொறையும் நெனைக்காம வந்துரணும். சொல்லுட்டீ."

நான் வாயைத் திறந்தேன். வரவில்லை. எங்கள் வீட்டுக் கட்டிலிலேயே கிடக்கிறவளை வீட்டுக்கு வா என்று கூப்பிடுகிறாள் என் அம்மா. அதில் இருந்தது அன்புதான், எனக்குத் தெரியும். ஆனால் அப்போதுகூட எங்களுக்கு அந்த முறைதானே கைக்கு வந்தது! அதை இங்கிலீஷில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கண்டி டீச்சர் அம்மா முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். உங்கள் அம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அன்று சாயந்திரம் அவள் இறந்துபோனாள். அம்மா சொன்னதை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை.